ஆசிரியர்கள் சமூக ஊடகத்தில் தொழில்முறைத் தொடர்புகளை வளர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பல பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான் இருப்பார். வேதியியல் செய்முறை ஒன்று சரியாக வரவில்லை, இலக்கணப் பாடம் ஒன்றை எப்படிச் சொன்னாலும் மாணவர்களுக்கு ஏறவில்லை என்றால், ஆசிரியர் அறையில் அதைப் பற்றி விரிவாகப் பேச ஆள் கிடைப்பதில்லை. உடன் பணிபுரிபவர்கள் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும், கணித ஆசிரியரிடம் போய்ச் செய்யுள் நடத்தும் முறையைப் பற்றி எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அதே பாடத்தை, அதே வயது மாணவர்களுக்கு, அதே சிக்கல்களோடு நடத்தும் இன்னொருவர் எங்கோ இருக்கிறார். அவரைக் கண்டுபிடிக்கச் சமூக ஊடகத்தைவிட எளிதான வழி இப்போதைக்கு இல்லை.

ஆயிரக்கணக்கான பின்தொடர்பவர்கள் ஆசிரியருக்குத் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நடத்த வேண்டிய பாடத்தைப் பற்றி இன்று இரவு கேட்டால், மனதாரப் பதில் சொல்லும் பத்துப் பதினைந்து பேர் போதும். அவர்களைத் தேடிப் பிடிப்பதும், அவர்களுக்கு நாமும் அப்படி ஒருவராக இருப்பதும்தான் இதில் உள்ள வேலை. கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

நெருங்கிய நண்பர்கள் இருக்கும்போது முன்பின் தெரியாதவர்கள் எதற்கு என்று தோன்றலாம். சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை இதற்கு நல்ல பதில் தருகிறது. தெரிந்தவர்கள் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான் "அடிக்கடி" என்றார். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்த்துக்கொள்ளும் அறிமுகம். காரணம் எளிது: நமக்கு நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வேறு வட்டத்திலிருந்துதான் வர வேண்டும். வேலைக்குப் பொருந்தும் இந்தக் கணக்கு பாடம் நடத்தும் முறைக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். ஒரே பள்ளியில் பல வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர்களின் வழக்கங்கள் ஒன்றுபோல ஆகிவிடுகின்றன.

படி 1: எதற்காக என்று எழுதிக்கொள்ளுங்கள்

கணக்குத் தொடங்குவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். இந்த வருடம் வகுப்பில் எனக்குத் தீராமல் இருப்பது என்ன? "ஆறாம் வகுப்பில் தசம எண்கள் ஏறவில்லை." "ஆய்வகம் இல்லாமல் செய்முறை நடத்த வழி வேண்டும்." "வாசிக்கத் திணறும் நான்கு பிள்ளைகளுக்குத் தனியாக என்ன செய்வது?" இவ்வளவு குறிப்பாக எழுதினால், யாரைத் தேட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். "என்னை மேம்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் எல்லாரையும் பின்தொடர்வோம், எதையும் படிக்க மாட்டோம்.

வேறு நோக்கங்களும் இருக்கலாம். பாடநூல் எழுதும் குழுவில் சேர ஆசை, ஆசிரியர் பயிற்சிப் பக்கம் போக விருப்பம், வேறு பள்ளிக்கு மாறும் எண்ணம். அவற்றில் தவறே இல்லை. அதையும் தாளில் எழுதுங்கள், ஏனென்றால் எந்தத் தளம் என்ற முடிவு அதைப் பொறுத்தது.

படி 2: தளத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்று, அதிகம் போனால் இரண்டு. எல்லாவற்றிலும் இருக்க முயன்றால் எதிலும் யாருக்கும் நம்மைத் தெரியாது.

வாட்ஸ்அப் எல்லார் கையிலும் இருப்பதால் அங்கேதான் பெரும்பாலான ஆசிரியர் குழுக்கள் உருவாகின்றன. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். ஆனால் குழுவில் சேர்ந்தால் பொதுவாக உங்கள் தொலைபேசி எண் மற்ற உறுப்பினர்கள் கண்ணில் படும். அதில் பலர் உங்களுக்கு அறிமுகம் இல்லாதவர்கள். இன்னொரு குறை, நல்ல உரையாடல்கள் காலை வணக்கப் படங்களுக்கும் ஃபார்வர்டுகளுக்கும் அடியில் புதைந்துவிடும். பத்துப் பேர் கொண்ட சிறு குழுவுக்கு வாட்ஸ்அப் அருமையானது. பெரிய குழுவுக்கு அது ஏற்றதில்லை என்பது என் கருத்து.

டெலிகிராமில் தொலைபேசி எண்ணை மறைத்துக்கொள்ளலாம், குழுவில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம், பழைய கோப்புகளைத் தேடி எடுப்பதும் எளிது. வினாத்தாள், பயிற்சித்தாள் போன்றவற்றைச் சேர்த்து வைக்க நன்றாக இருக்கும். நீண்ட விவாதங்களுக்கு ஃபேஸ்புக் குழுக்கள் இன்னும் பயன்படுகின்றன, ஒரு பதிவின் கீழேயே எல்லாப் பதில்களும் சேர்ந்து கிடப்பதால் இரண்டு வருடம் கழித்தும் தேடிப் படிக்கலாம்.

லிங்க்ட்இன் 2003-ல் தொடங்கியதிலிருந்தே வேலை சார்ந்த தளம். பாடத்திட்டம், பயிற்சி, கல்வி நிறுவனங்கள் என்று வகுப்பறைக்கு வெளியே போக விரும்புபவர்களுக்கு இதுதான் பொருத்தம். எக்ஸ் தளம் ட்விட்டர் என்ற பெயரில் இருந்த காலத்தில் ஆசிரியர்களின் பெரிய கூடுமிடமாக இருந்தது. 2009-ல் தொடங்கிய எட்சாட் என்ற ஹேஷ்டேக் உரையாடலில், வாரத்தில் ஒரு நாள் குறித்த நேரத்தில் பல நாட்டு ஆசிரியர்கள் ஒரே தலைப்பில் பேசினார்கள். 2022-ல் நிறுவனம் கைமாறிய பிறகு அவர்களில் பலர் மாஸ்டடான், ப்ளூஸ்கை போன்ற தளங்களுக்குப் போய்விட்டார்கள். ஆகவே உங்கள் பாடத்துக்காரர்கள் இப்போது எங்கே பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பாடத்தின் பெயரையும் வகுப்பையும் சேர்த்துத் தேடிப் பார்த்து, கடைசிப் பதிவு எப்போது வந்தது, அதற்கு யாராவது பதில் எழுதினார்களா என்று கவனித்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

சிறு வகுப்பு ஆசிரியர்கள், ஓவிய ஆசிரியர்கள் என்றால் இன்ஸ்டாகிராமும் யூடியூபும் கைகொடுக்கும். கண்ணால் பார்த்துக் கற்க வேண்டியவை அங்கே நிறைய.

படி 3: கணக்கை ஒழுங்காக அமையுங்கள்

குடும்பப் படங்கள் இருக்கும் கணக்கையும் தொழில் சார்ந்த கணக்கையும் பிரித்து வையுங்கள். சொந்தப் பெயரையும் முகம் தெரியும் படத்தையும் போடுங்கள். பூப்படமும் புனைபெயரும் இருக்கும் கணக்கிலிருந்து "பயிற்சித்தாள் அனுப்புங்கள்" என்று கேட்டால் யாரும் தயங்குவார்கள். புதிய கணக்கோ பழைய கணக்கோ, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அன்றே இயக்கிவிடுங்கள். ஆசிரியரின் கணக்கைத் திருடி அவர் பெயரில் பணம் கேட்பது அடிக்கடி நடக்கிறது.

அறிமுக வரிகளில்தான் பலர் வாய்ப்பை வீணடிக்கிறார்கள். எக்ஸ் தளத்தில் 160 எழுத்துகள், இன்ஸ்டாகிராமில் 150 எழுத்துகள்தான் இடம். அதில் "கற்பித்தலை நேசிப்பவள், கனவுகளை விதைப்பவள்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. "6, 7, 8 வகுப்புகளுக்குக் கணிதம். பின்னமும் தசமமும் எங்கே தடுக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். விலையில்லாப் பொருள்களால் கணிதக் கருவிகள் செய்வேன்" என்று எழுதிப் பாருங்கள். இதைப் படித்த இன்னொரு ஆறாம் வகுப்பு ஆசிரியர் நிச்சயம் நின்று பார்ப்பார்.

பள்ளியின் பெயரைப் போட வேண்டுமா? பெரும்பாலும் தேவையில்லை. பாடமும் வகுப்பும் போதும். பள்ளிப் பெயரைப் போட்டுவிட்டால் நீங்கள் சொல்லும் "ஒரு மாணவன்" யார் என்று கண்டுபிடிப்பது சுலபமாகிவிடும். நிர்வாகம் அல்லது கல்வித்துறை இதற்கென்று விதிகள் வைத்திருந்தால் அவற்றை முதலில் வாசித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் தனியுரிமை, அதற்குள் குழுக்கள் என்ற பகுதிக்குப் போய், உங்களைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை "என் தொடர்புகள்" மட்டும் என்று மாற்றுங்கள். கேட்காமலே சேர்க்கப்படும் குழுக்களின் தொல்லை அன்றோடு பெருமளவு குறையும்.

படி 4: முதலில் கவனியுங்கள்

சேர்ந்த உடனே எழுத அவசரப்பட வேண்டாம். சில வாரம் வாசியுங்கள். இந்தக் குழுவில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், எதைப் பகிர்ந்தால் அட்மின் நீக்குகிறார், யார் எழுதினால் மற்றவர்கள் நின்று படிக்கிறார்கள் என்பதெல்லாம் பிடிபட வேண்டும்.

யாரைப் பின்தொடர்வது என்பதில் ஒரு யோசனை. பிரபலமானவரின் பதிவைவிட அந்தப் பதிவுக்குக் கீழே உள்ள பதில்களைப் படியுங்கள். அங்கேதான் நீங்கள் தேடும் ஆள் இருப்பார்: தன் வகுப்பில் நடந்ததை நான்கு வரியில் சொல்லி, அடுத்தவர் கேட்ட சந்தேகத்துக்கும் நின்று பதில் சொல்பவர். ஐம்பதாயிரம் பேர் பின்தொடரும் ஒருவருக்கு உங்கள் கேள்வியைப் பார்க்கவே நேரம் இருக்காது. இவருக்கு இருக்கும்.

நல்ல ஆசிரியர் கணக்கை அடையாளம் காண மூன்று விஷயங்களைப் பாருங்கள். வகுப்பறையின் நுணுக்கம் எழுத்தில் தெரிகிறதா? சரிவராமல் போனதையும் சொல்கிறாரா? பிறரிடமிருந்து எடுத்ததை அவர் பெயர் சொல்லிப் பகிர்கிறாரா? ஒவ்வொரு பதிவின் முடிவிலும் பயிற்சி வகுப்புக்குக் கட்டணம் கட்டச் சொல்பவர் வியாபாரி. அவரிடமும் நல்ல கருத்து இருக்கலாம், ஆனால் அது வேறு வகை உறவு.

எக்ஸ் போன்ற தளங்களில் பட்டியல் உருவாக்கும் வசதி உண்டு. உங்கள் பாடத்து ஆசிரியர்களை மட்டும் ஒரு பட்டியலில் போட்டு அதை மட்டும் பாருங்கள். தளம் தன் இஷ்டத்துக்குக் காட்டும் சண்டைகளிலிருந்து தப்பிக்கலாம்.

படி 5: பதிலில் தொடங்குங்கள்

முதல் பதிவு எழுதத் தயக்கமாக இருக்கிறதா? எழுத வேண்டாம். பிறர் பதிவுக்குப் பதில் எழுதுங்கள். "அருமை", "சூப்பர் சார்", கைதட்டும் படம் இவையெல்லாம் மரியாதைக்குச் சரி. அவற்றால் யாரும் யாரையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மாறாக, "மேடம், நீங்கள் சொன்ன குறுக்கெழுத்து முறையை எட்டாம் வகுப்பில் செய்து பார்த்தேன். பெயர்ச்சொற்களுக்கு நன்றாக வந்தது. வினைச்சொற்களுக்குக் குறிப்பு எழுதுவதில் பிள்ளைகள் குழம்பினார்கள். நீங்கள் குறிப்பை முன்பே கொடுத்துவிடுவீர்களா?" என்று எழுதினால், அவர் அதற்குப் பதில் எழுதாமல் இருக்கவே மாட்டார். தான் எழுதியதை ஒருவர் வகுப்பில் செய்து பார்த்தார் என்பதைவிட ஓர் ஆசிரியருக்கு மகிழ்ச்சியான செய்தி எது?

படி 6: கேள்வி கேட்பது

இந்த வழிகாட்டியில் மற்றதை மறந்தாலும் இந்தப் படியை மறக்க வேண்டாம். தொழில் சார்ந்த நட்புகளில் நிலைப்பவை பெரும்பாலும் ஒரு நல்ல கேள்வியிலிருந்து தொடங்குகின்றன.

"தசம எண்கள் நடத்த நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள்" என்று ஒருவர் கேட்கிறார். நாலு இணைப்புகளும் இரண்டு காணொளிகளும் வரும், உரையாடல் முடிந்தது. இதையே இப்படிக் கேட்டுப் பார்ப்போம்:

"ஆறாம் வகுப்பு. 0.45, 0.8 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் 0.45 என்று எழுதினார்கள். ஏன் என்று கேட்டால் 'எட்டைவிட நாற்பத்தைந்து பெரியது' என்கிறார்கள். ரூபாய், காசு வைத்து விளக்கினேன். அப்போது தலையாட்டினார்கள், மறுநாள் அதே தவறு. இதை நீங்கள் எப்படிச் சரிசெய்தீர்கள்?"

இந்தக் கேள்வியில் வகுப்பு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பிள்ளை சொன்ன காரணம் இருக்கிறது, ஆசிரியர் ஏற்கெனவே செய்து பார்த்ததும் இருக்கிறது. இனி வரும் பதில்களின் தரமே வேறு. ஒருவர் எழுதுவார்: "பணக் கணக்கில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம்தான் வரும். அதனால் பிள்ளைகள் அதை இரண்டு தனித்தனி முழு எண்களாகவே படிக்கிறார்கள். பணத்தை விட்டுவிட்டு நூறு கட்டம் போட்ட தாளில் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்." இன்னொருவர் இன்னும் ஆழமாகப் போவார்: "உங்கள் பழைய பயிற்சித்தாளைப் பாருங்கள். 0.45, 0.3 போன்ற ஜோடிகளே அதிகம் இருந்தால், நீளமான எண்தான் பெரியது என்று நினைக்கும் பிள்ளையும் சரியான விடை எழுதிவிடும். தவறு வெளியே தெரியாது." தசமத்தைப் பல வருடம் நடத்தியவர்கூட இந்தக் கோணத்தில் யோசித்திருக்க மாட்டார். இப்படி ஒரு பதில் எழுதுபவரைத்தான் நாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வருவது, பெரும்பாலோர் செய்யாமல் விடும் வேலை. ஒரு வாரம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப் போய், என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். "கட்டத்தாள் செய்தோம். 0.8-க்கு எண்பது கட்டம் என்று அவர்களே தீட்டியதும் பலருக்குப் புரிந்துவிட்டது. மூன்று பேர் இன்னும் தடுமாறுகிறார்கள்." பதில் சொன்னவருக்குத் தன் நேரம் வீண்போகவில்லை என்று தெரியும். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தாலே நின்று படிப்பார். முகம் பார்க்காத இருவருக்கு இடையே நம்பிக்கை இப்படித்தான் வளர்கிறது.

படி 7: உங்களிடம் உள்ளதைக் கொடுங்கள்

"பகிர என்னிடம் என்ன இருக்கிறது?" என்று பல நல்ல ஆசிரியர்கள் கேட்பதைப் பார்க்கிறேன். நீங்களே தயாரித்த வினாத்தாள், ஒரு பாடத்தைத் தொடங்க நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் ஐந்து தவறுகளின் பட்டியல், கரும்பலகையில் நீங்கள் வரையும் ஒரு படம். இவை உங்களுக்குச் சாதாரணம். முதல் வருடம் வேலைக்கு வந்தவருக்குப் பெரிய உதவி.

திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுங்கள். பிறர் தங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும். நம் படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று நாமே முன்கூட்டிச் சொல்லிவிட உதவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. பெயர் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்றால் சிசி பிஒய் (CC BY). வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்றால் அதோடு என்சி (NC). மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்றால் எஸ்ஏ (SA). கோப்பின் அடியில் ஒரு வரி எழுதினால் போதும். அதேபோல அடுத்தவர் தயாரித்ததை அவர் பெயரை நீக்கிவிட்டுப் பகிராதீர்கள், விலைக்கு விற்கும் புத்தகத்தை ஸ்கேன் செய்து குழுவில் போடாதீர்கள். பாடத்தில் நேர்மை கற்பிப்பவர்கள் நாம்.

படங்களைப் போடும்போது, படத்தில் என்ன இருக்கிறது என்று மாற்று உரைக்கான இடத்தில் இரண்டு வரி எழுதுங்கள். பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர்கள் திரைவாசிப்பான் மூலம் அதைத்தான் கேட்கிறார்கள். பலரும் விட்டுவிடும் சின்ன வேலை இது.

படி 8: தனிச்செய்தி

பொதுவில் இரண்டு மூன்று முறை பேசிப் பழகிய பிறகு தனிச்செய்தி அனுப்புங்கள். "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். யார், எங்கே பேசினோம், என்ன வேண்டும், மறுக்கவும் இடம் உண்டு என்பதெல்லாம் ஒரே செய்தியில் வந்துவிட வேண்டும்.

"வணக்கம் சார். தசம எண் பற்றிய என் கேள்விக்குப் போன வாரம் நீங்கள் எழுதிய பதில் மிகவும் உதவியது. நீங்கள் சொன்னபடி ஒரு பயிற்சித்தாள் செய்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். நேரம் இருக்கும்போது பார்த்துக் கருத்துச் சொல்ல முடியுமா? வேலை இருந்தால் பரவாயில்லை சார்."

இவ்வளவுதான். இரவு பத்து மணிக்கு மேல் அனுப்ப வேண்டாம். பதில் வராவிட்டால் மறுபடி மறுபடி நினைவூட்ட வேண்டாம். பெண் ஆசிரியர்களுக்குத் தொழில் பேச்சு என்ற பெயரில் தேவையற்ற செய்திகள் வருவது நிஜம். அப்படி வந்தால் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் தடை செய்யுங்கள், செய்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குழு அட்மினிடமும் சொல்லுங்கள். இதில் சங்கடப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

படி 9: பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்

இது கடைசியில் சேர்க்கும் எச்சரிக்கைக் குறிப்பு இல்லை. ஒவ்வொரு பதிவின்போதும் செய்ய வேண்டிய சோதனை. ஒரு வகுப்பறைப் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்வரிசைப் பிள்ளையின் முகம் இருக்கிறது. சட்டையில் பள்ளியின் சின்னம் இருக்கிறது. மேசைமேல் கிடக்கும் நோட்டு அட்டையில் பெயரும் வகுப்பும் இருக்கின்றன. பின்னால் சுவரில் பிறந்தநாள் பட்டியல் தொங்குகிறது. கரும்பலகை ஓரத்தில் இன்று வராதவர்களின் எண்கள். நாம் படம் எடுத்தது நடுவில் இருந்த மாதிரி வடிவத்துக்காக மட்டும்தான்.

ஆகவே, பொருளை மட்டும் தனியாக வைத்துப் படம் எடுங்கள். முகம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் பள்ளியின் அனுமதியும் வேண்டும். பிள்ளையிடமும் கேளுங்கள். "என் படத்தைப் போட வேண்டாம் மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அத்தோடு முடிந்தது. விடைத்தாளைக் காட்ட வேண்டுமென்றால் அதைப் படம் எடுக்காமல் தட்டச்சு செய்து போடுங்கள், கையெழுத்தை வைத்தே அடையாளம் காணும் வகுப்புத் தோழர்கள் உண்டு. படத்தைக் கோப்பாக அனுப்பும்போது எடுத்த இடத்தின் விவரமும் அதனுள் தங்கியிருக்கலாம். கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்தி வைப்பது நல்லது.

எழுத்திலும் இதே கவனம் வேண்டும். பெயர் இல்லாவிட்டாலும் "என் வகுப்பில் அப்பா இல்லாத ஒரு பையன், போன வாரம்தான் சேர்ந்தான்" என்றால் ஊரில் உள்ளவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். விவரங்களை மாற்றுங்கள், அல்லது சில மாதங்கள் கழித்து எழுதுங்கள். மாணவரைப் பற்றியோ பெற்றோரைப் பற்றியோ தலைமையாசிரியரைப் பற்றியோ கோபத்தில் எதையும் எழுத வேண்டாம். மூடிய குழு என்று நம்ப வேண்டாம், ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும். மனம் புழுங்கினால் நம்பிக்கையான ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள்.

மாணவர்களின் நட்பு அழைப்புகளை உங்கள் கணக்கில் ஏற்க வேண்டாம். அவர்களோடு பேசப் பள்ளி ஏற்பாடு செய்த வழி இருந்தால் அது மட்டும் போதும்.

படி 10: நேரத்துக்கு வரம்பு

திருத்த வேண்டிய நோட்டுகள் இருக்கும்போது இதெல்லாம் சுமையாகிவிடக் கூடாது. நோட்டிஃபிகேஷன்களை நிறுத்திவிடுங்கள். ஒரு நாளில் இருபது நிமிடம், அதுவும் ஒரே வேளையில். விடுமுறையில் இன்னும் கொஞ்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுக்களின் பட்டியலைப் பார்த்து, இதிலிருந்து வகுப்புக்கு ஏதாவது எடுத்துப் போனேனா என்று கேளுங்கள். இல்லை என்றால் "நன்றி, வணக்கம்" சொல்லி வெளியே வந்துவிடுங்கள். யாரும் தவறாக நினைக்கப்போவதில்லை.

படி 11: சிறு குழுவும் கூட்டு வேலையும்

இதற்குள் உங்களுக்கு ஐந்தாறு பேர் நன்றாகப் பழகியிருப்பார்கள். அவர்களை மட்டும் சேர்த்து ஒரு சிறு குழு தொடங்குங்கள். ஒரே பாடம், ஏறக்குறைய ஒரே வகுப்புகள். வாழ்த்துப் படங்கள், செய்தி ஃபார்வர்டுகள், அரசியல் இவற்றுக்கு இடமில்லை என்று தொடக்கத்திலேயே அன்பாகச் சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. ஒருவரே எப்போதும் பேசுவதும் மற்றவர்கள் வாசிப்பதுமாக இருந்தால் குழு தளர்ந்துவிடும். அதனால் வாரம் ஒருவர் ஒரு கேள்வி போடட்டும்.

மாதம் ஒருமுறை காணொளியில் சந்திக்க முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு 2006-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கிய டீச்மீட் கூட்டங்களின் முறையைப் பின்பற்றலாம். அங்கே பேசுபவர்கள் ஆசிரியர்களே. ஒருவருக்கு ஏழு நிமிடம், சிலருக்கு இரண்டே நிமிடம். வகுப்பில் தான் செய்து பார்த்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். நேரம் குறைவு என்பதால் கூச்சப்படுபவர்களும் பேச முன்வருவார்கள், கேட்பவர்களுக்கும் அலுப்பு வராது.

நாடு தாண்டிய தொடர்பு கிடைத்தால் மாணவர்களையும் சேர்த்துத் திட்டமிடலாம். ஐரோப்பாவில் 2005 முதல் நடந்துவரும் ஈட்வின்னிங் என்ற திட்டம் வெவ்வேறு நாட்டுப் பள்ளிகளின் ஆசிரியர்களை இணையத்தில் இணைத்து, ஒரே தலைப்பில் இரு வகுப்புகளும் சேர்ந்து வேலை செய்ய வழி அமைக்கிறது. அவ்வளவு பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டாம். ஒரே நாள் நண்பகலில் இரண்டு ஊர் மாணவர்கள் ஒரே உயரக் குச்சியை நட்டு நிழலை அளந்து ஒப்பிட்டாலே போதும், புவியியல் வகுப்பு களைகட்டிவிடும்.

முதல் கூட்டு வேலையைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் நடத்துங்கள். ஒரே ஐந்து கேள்விகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, வியப்பூட்டிய விடைகள் சிலவற்றைத் தட்டச்சு செய்து ஒருவருக்கொருவர் அனுப்புங்கள். பிறகு அரை மணி நேரம் பேசுங்கள், இந்தப் பிள்ளை ஏன் இப்படி நினைத்தது என்பதை மட்டும். அந்தப் பேச்சு முடியும்போது அடுத்து எந்தப் பாடம், எந்த வாரம் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். தேதி குறிக்காமல் விட்டால் அது அப்படியே தள்ளிப்போய்விடும்.